டீயில் திரியாத சோயா பால்

மியன்மாரின் யாங்கோன் டீக்கடைப் பக்குவத்தில் மாட்டுப்பால் சேர்க்காமல் டீ போட நினைப்பவர்கள் முதலில் டின் பாலை (சீனி சேர்த்துச் சுண்டவைத்த பாலை) மறக்க வேண்டும். அதுவும் மாட்டுப்பால்தான். இனிப்பும் கெட்டியும் அதிலிருந்தே வருவதால், சோயா பாலைக் கெட்டியாக எடுத்துச் சீனியைத் தனியே போடுவதுதான் வழி. அங்கே காலையில் தெருவில் விற்கும் பெநோ என்கிற சோயா பால் குடிக்க நன்றாக இருக்கும், டீக்கு அது தண்ணீர் மாதிரி.

காய்ந்த சோயாப் பருப்பை பர்மிய வீசையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 163 கிராம் எடுங்கள். வாயில் போட்டுக் கடித்தால் சிக்கு வாடை அடிப்பது பழைய சரக்கு, பாலிலும் அந்த வாடை நிற்கும். வெயில் காலத்தில் 6 மணி நேரம், குளிரில் 8 முதல் 10 மணி நேரம் ஊறட்டும். ஒரு பருப்பைப் பிளந்து பாருங்கள். உள்பக்கம் தட்டையாக, ஒரே நிறமாக இருந்தால் போதும். நடுவில் குழிந்து மஞ்சள் கூடுதலாகத் தெரிந்தால் இன்னும் ஊற வேண்டும். தண்ணீரில் நுரை கட்டிவிட்டால் புளிக்கத் தொடங்கிவிட்டது, அந்தப் பால் டீயில் நிச்சயம் திரியும்.

பச்சை வாடைக்குக் காரணம் பருப்பிலுள்ள ஒரு நொதி. அரைபட்டுத் தண்ணீர் சேர்ந்ததும் வேலையைக் காட்டும், சூட்டில் அடங்கும். ஆகவே ஊறிய பருப்பைக் கொதிநீரில் 5 நிமிடம் போட்டு, அந்த நீரைக் கொட்டிவிட்டு, ஒன்றேகால் லிட்டர் சுடுநீர் விட்டு அரைக்கவும். 5 நிமிடத்தைத் தாண்டினால் புரதம் பருப்பிலேயே இறுகிப் பால் நீர்த்துவிடும். மிக்சி ஜாரில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். ஆவி மூடியைத் தூக்கி அடிக்கும்.

மல் துணியில் பிழிந்து, அடிகனத்த பாத்திரத்தில் கிண்டிக்கொண்டே காய்ச்சவும். முதலில் பொங்கி வருவது வெறும் நுரை, கொதி அல்ல. பலரும் அங்கேயே இறக்கிவிட்டு வயிறு உப்புகிறது என்பார்கள். தீயைக் குறைத்து, உண்மையாகக் கொதித்த பிறகு 10 முதல் 15 நிமிடம் விடுங்கள். புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் அப்போதுதான் பெருமளவு அடங்கும்.

டீ போடும்போது சூடான சோயா பாலைக் கோப்பையில் முதலில் ஊற்றி, டிகாஷனை ஒன்றிரண்டு நிமிடம் ஆறவிட்டு மெல்லிய தாரையாகச் சேர்க்கவும். டிகாஷனின் புளிப்பும் சூடும் ஒரே நேரத்தில் தாக்கினால் புரதம் திரளும். அப்படியும் திரிந்தால் லிட்டருக்கு ஒரு சிட்டிகை சமையல் சோடா போடலாம். கூடினால் சவுக்கார வாடை. பனைவெல்லம் வேண்டாம், அதுவும் திரிக்கும்.

குளிர்பெட்டியில் இரண்டு மூன்று நாள் தாங்கும். கரண்டு போகிற நாட்களில் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சுங்கள். புரதம் மாட்டுப்பாலுக்கு நெருங்கி வரும், ஆனால் வீட்டில் எடுத்ததில் கால்சியம் குறைவு, பி12 கிடையாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கோ குழந்தைகளுக்கான பால்மாவுக்கோ பதிலாக இதைக் கொடுக்கக் கூடாது. பிழிந்த சக்கையை ஊறிய கடலைப்பருப்போடு அரைத்து அன்றே வடை சுட்டுவிடுங்கள். சில மணி நேரத்தில் புளித்துவிடும்.