போனும் பர்ஸும் தொலைந்தாலும் தவிக்காமல் இருக்க: முதல் வெளிநாட்டுப் பயணத்துக்குத் தயாராவது எப்படி?

முதல் முறை வெளிநாடு கிளம்புபவர்கள் பெட்டியில் எதையெல்லாம் அடுக்குவது என்றுதான் அதிகம் யோசிக்கிறார்கள். அதற்கு முன் ஒன்றை யோசித்துப் பாருங்கள். தெரியாத ஊரில் போன், பர்ஸ் இரண்டும் ஒன்றாகத் தொலைந்துவிட்டால் அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வீர்கள்? கீழே உள்ள படிகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்விக்கான பதில்தான்.

படி 1: பாஸ்போர்ட் தேதி

டிக்கெட் போடும் முன்பே பார்த்துவிடுங்கள். பல நாடுகள் பாஸ்போர்ட் இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்கின்றன. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசாவில் சுற்றி வரக்கூடிய நாடுகள்) கணக்கு வேறு: அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு 3 மாதம் மிச்சம் இருக்க வேண்டும், பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும். விசா கையில் இருந்தாலும் இதில் தவறினால் விமானத்தில் ஏற்ற மறுக்கலாம்.

படி 2: காகித நகல்

பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், விசா, காப்பீடு மூன்றுக்கும் இரண்டிரண்டு நகல் எடுங்கள். ஒன்று பெட்டியில், இன்னொன்று வீட்டில் இருப்பவரிடம். பாஸ்போர்ட் தொலைந்தால் உள்ளூர் போலீஸில் புகார் கொடுத்து, உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குப் போக வேண்டும். நகலும் இரண்டு புகைப்படமும் இருந்தால் அங்கே வேலை சீக்கிரம் நடக்கும். இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: வெளிநாட்டில் உங்களைக் கைது செய்தால், உங்கள் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேட்கலாம். தூதரகங்கள் குறித்து நாடுகள் செய்துகொண்ட 1963-ம் ஆண்டு வியன்னா ஒப்பந்தம் கொடுத்திருக்கும் உரிமை இது.

படி 3: பணமும் ஓடிபியும்

ரொக்கத்தையும் கார்டுகளையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். ஒரு கார்டு பர்ஸில், இன்னொரு வங்கியின் கார்டு பெட்டியில் இருக்கட்டும்.

பலரும் கோட்டை விடுவது ஓடிபியில். போன இடத்தில் புது சிம் போடுவதற்காகப் பழைய சிம்மைக் கழற்றிவிட்டால், வங்கியின் ஓடிபி வராது. போனில் இரண்டு சிம் அல்லது இ-சிம் (அட்டை இல்லாத சிம்) வசதி இருந்தால், உங்கள் பழைய எண்ணை ரோமிங்கில் அப்படியே விட்டுவையுங்கள்.

சரி, போனே போய்விட்டால்? புதுப் போனில் மின்னஞ்சலைத் திறக்கப் பார்த்தால், தொலைந்த போனுக்கே சரிபார்ப்பு எண் போகும்! அதனால் கூகுள் போன்ற கணக்குகள் தரும் பேக்கப் கோடுகளை (போன் இல்லாமலே கணக்கைத் திறக்க உதவும் ரகசிய எண்கள்) கிளம்பும் முன் அச்சிட்டு வையுங்கள். இந்த ஒரு வேலையை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.

படி 4: மருந்து

தினமும் சாப்பிடும் மாத்திரைகள் கைப்பையில், அவற்றின் அட்டையோடே இருக்கட்டும். மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மூலப் பெயரையும் எழுதி வாங்குங்கள். நாம் பாராசிட்டமால் என்பதை அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அசிட்டமினோஃபென் என்பார்கள்.

சாதாரண மருந்துதானே என்று அள்ளிக்கொண்டு போவது ஆபத்து. சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மாத்திரைக்கு ஜப்பானில் தடை. டிராமடால், கோடீன் போன்ற வலி மருந்துகளுக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் கடும் கட்டுப்பாடு. போகும் நாட்டின் தூதரக இணையதளத்தில் உங்கள் மருந்தின் பெயரைத் தேடிப் பாருங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கேட்கும் நாடு என்றால், ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும்.

படி 5: காப்பீடும் பவர் பேங்கும்

காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்களும், தேவைப்பட்டால் விமானத்தில் ஊருக்குக் கொண்டுவரும் செலவும் அடங்குமா என்று படித்துப் பாருங்கள். பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான்.

படி 6: சட்டைப்பைச் சீட்டு

ஒரு சீட்டில் இவற்றை எழுதுங்கள்: தங்கும் இடத்தின் முகவரி (அந்த நாட்டு எழுத்திலேயே), தூதரகம், கார்டை முடக்கும் எண், காப்பீட்டு உதவி எண், வீட்டு எண்கள் இரண்டு. அப்புறம் அவசர எண். ஐரோப்பிய ஒன்றியத்தில் 112, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, ஆஸ்திரேலியாவில் 000. ஜப்பானில் போலீஸுக்கு 110, ஆம்புலன்ஸுக்கு 119.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு போனை அணைத்து வைத்துவிட்டு, அந்தச் சீட்டை மட்டும் கையில் எடுங்கள். கார்டை முடக்க, தங்கும் இடத்துக்குப் போய்ச் சேர, வீட்டுக்குத் தகவல் சொல்ல அது போதுமா என்று பாருங்கள். விடுபட்டதை அன்றே எழுதிச் சேர்த்துவிடுங்கள்.