குச்சிக்கட்டு, காகிதம், விதை: தொடக்க வகுப்பில் கைச்செயல்பாடு நடத்துவது எப்படி?

செய்முறை வகுப்பு என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது தெர்மாகோல், சார்ட் பேப்பர், ஜிகினா, ராத்திரி பதினோரு மணிக்கு விரலில் காய்ந்துபோன பசை. இவை எதுவும் வேண்டாம். ஆசிரியர் மெனக்கெட்டு அலங்கரித்துச் செய்யும் மாதிரிகளுக்கு ஒரு ராசி உண்டு. பிள்ளைகள் தொட்டால் உடைந்துவிடும் என்று அலமாரி மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பார்வையிட யாராவது வருகிற நாளில் மட்டும் கீழே இறங்கும். பிள்ளை கையில் புழங்க வேண்டிய பொருள் மலிவாக இருக்க வேண்டும், அழுக்கானாலும் தொலைந்தாலும் மனசு பதறக் கூடாது, எல்லார் கைக்கும் எட்டுகிற அளவு நிறைய இருக்க வேண்டும்.

முதன்முறையாகச் செயல்பாடு நடத்தப் போகிற ஆசிரியருக்கு மூன்று செயல்பாடுகளை இங்கே சொல்கிறேன். ஒன்றை அடிமுதல் நுனிவரை, மற்ற இரண்டைச் சுருக்கமாக. மூன்றுக்கும் ஒழுங்கு ஒன்றுதான்: என்ன ஆகும் என்று பிள்ளை முதலில் வாயால் சொல்ல வேண்டும், பிறகு கையால் செய்து பார்க்க வேண்டும், அதன்பின் நோட்டில் பதிய வேண்டும். முதலாவதும் மூன்றாவதும் விட்டுப்போனால் நடுவில் நடப்பது வெறும் விளையாட்டு. விளையாட்டு நல்லதுதான், ஆனால் அதற்கு வேறு பீரியட் இருக்கிறது.

பொருளைக் கொடுப்பதற்கு முன்னால்

முதல் செயல்பாடு இரண்டாம் அல்லது மூன்றாம் வகுப்புக்கு. இடமதிப்பும், அதையொட்டி வரும் கழித்தலும். நான்கு பேர் கொண்ட குழு ஒன்றுக்கு 60 ஐஸ் குச்சியும் 6 ரப்பர் பேண்டும் தேவை. ஐஸ் குச்சி கிடைக்காவிட்டால் ஸ்ட்ராவைத் துண்டு துண்டாக வெட்டிக்கொள்ளலாம். ரப்பர் பேண்ட் அறுந்துபோகும் என்பதால் கொஞ்சம் கூடுதலாக உங்கள் கையில் இருக்கட்டும். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தாள். அதன் நடுவில் ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் ‘பத்துகள்’, வலப்பக்கம் ‘ஒன்றுகள்’ என்று எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பொருள் இவ்வளவுதான்.

குழுவில் நால்வருக்கும் வேலை பிரித்துக் கொடுங்கள்: ஒருவர் குச்சியை எடுத்து வைக்க, ஒருவர் எண்ணிச் சரிபார்க்க, ஒருவர் நோட்டில் எழுத, ஒருவர் வகுப்புக்குச் சொல்ல. ஒவ்வொரு கணக்குக்கும் வேலை கை மாற வேண்டும். மாற்றாவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று எல்லாக் குச்சியையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், மற்ற மூன்றும் வேடிக்கை பார்க்கும். வெளியிலிருந்து பார்த்தால் குழு மும்முரமாக வேலை செய்வது போலவே தெரியும்!

பிள்ளைகளை அமைதிப்படுத்த ஒரு சைகை வேண்டும். கையைத் தூக்குவதோ இரண்டு முறை தட்டுவதோ, எதுவாக இருந்தாலும் பொருளைக் கொடுப்பதற்கு முன்பே அதை ஒத்திகை பார்த்துவிடுங்கள். செய்ய வேண்டியதையும் அப்போதே சொல்லி முடித்துவிட வேண்டும். குச்சி கைக்குப் போன பிறகு நீங்கள் சொல்வது காதில் ஏறாது.

கொடுத்ததும் இரண்டு நிமிடம் சும்மா விட்டுவிடுங்கள். வீடு கட்டுவார்கள், வாள்சண்டை போடுவார்கள், ரப்பர் பேண்டால் குறிபார்த்து அடிக்க ஒருவன் கட்டாயம் இருப்பான். (கண்ணுக்கு நேராக இழுக்கக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது என்பதை மட்டும் முன்கூட்டியே கறாராகச் சொல்லிவிடுங்கள்.) இந்த ஆசையை முதலில் தீர்த்துவிட்டால் மீதி நேரம் நிம்மதி.

முதல் செயல்பாடு: கட்டும் தனிக்குச்சியும்

பத்துப் பத்தாகக் கட்டிய குச்சியை நீங்களே தயாராகக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். நேரம் மிச்சமாகும் என்று தோன்றும். ஆனால் தானே எண்ணிக் கட்டிய பிள்ளைக்குத்தான் அந்தக் கட்டுக்குள் பத்து இருக்கிறது என்று நம்பிக்கை வரும். சில பிள்ளைகள் கட்டியதை அவிழ்த்து மறுபடி எண்ணுவார்கள். எண்ணட்டும், அவசரப்படுத்த வேண்டாம்.

இதற்கு விலை கொடுத்து வாங்கும் பொருள்களும் உண்டு. 1907-ல் ரோம் நகரில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரியின் பெயரில் நடக்கும் பள்ளிகளில் மணிகளை வைத்து இதைச் சொல்லித்தருகிறார்கள். தனி மணி ஒன்று, பத்து மணி கோத்த கம்பி பத்து, பத்துக் கம்பிகள் சேர்ந்த சதுரம் நூறு, பத்துச் சதுரங்களை அடுக்கினால் ஆயிரம். அழகான ஏற்பாடு. ஆனால் மணிக்கம்பியைப் பிரிக்க முடியாது; அதைக் கொடுத்துவிட்டுப் பத்துத் தனி மணியாக மாற்றிக்கொள்ள வேண்டும். குச்சிக்கட்டை அங்கேயே அவிழ்த்துவிடலாம். முதல்முறை கற்கும் பிள்ளைக்கு அவிழ்ப்பதுதான் எளிது, அதனால் என் ஓட்டு குச்சிக்கு.

கட்டி முடித்ததும் 34-ஐத் தாளில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். இடப்பக்கம் மூன்று கட்டு, வலப்பக்கம் நாலு தனிக்குச்சி. அடுத்து 43. “ரெண்டுலயும் அதே மூணு, அதே நாலுதானே? எது பெருசு, ஏன்?” என்று கேளுங்கள். பிறகு 40. வலப்பக்கம் ஒன்றுமில்லாமல் கிடக்கும். அந்த வெற்றிடத்துக்கு எழுதும் குறிதான் பூஜ்ஜியம் என்பதை இங்கே சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

இனி கழித்தல். கரும்பலகையில் 43 − 17 என்று எழுதுங்கள். குச்சியை யாரும் தொடக் கூடாது. “உங்ககிட்ட நாலு கட்டு, மூணு தனிக்குச்சி இருக்கு. எனக்குப் பதினேழு குச்சி வேணும். கொடுத்த பிறகு உங்ககிட்ட எத்தனை கட்டு மிஞ்சும்?” மூன்று என்பவர்கள் கை தூக்கட்டும், இரண்டு என்பவர்கள் கை தூக்கட்டும். எண்ணிக் கரும்பலகை ஓரத்தில் எழுதிவையுங்கள். விடை 34 என்று சிலர் சொல்வார்கள். ஏழிலிருந்து மூன்று போனால் நாலு, நாலிலிருந்து ஒன்று போனால் மூன்று என்று, மேலே கீழே பார்க்காமல் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துவிடுவது இந்த வயதில் எங்கும் நடப்பது. சரி என்றோ தப்பு என்றோ சொல்ல வேண்டாம். முகத்திலும் காட்ட வேண்டாம், பிள்ளைகள் நோட்டைவிட நம் முகத்தை நன்றாகப் படிப்பார்கள்.

இப்போது குச்சியைத் தொடலாம். பெரும்பாலான குழுக்கள் முதலில் ஒரு முழுக் கட்டை எடுத்து நீட்டும். அதாவது பத்து ஆயிற்று. மீதி ஏழு. வலப்பக்கம் பார்த்தால் மூன்றுதான் இருக்கிறது. கை நின்றுவிடும்.

நீங்கள் பொறுமை காட்ட வேண்டிய இடம் இது. “ஒரு கட்டைப் பிரிங்கப்பா” என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லிவிட்டால் பாடம் போயிற்று.

“டீச்சர், ஏழு இல்ல டீச்சர், மூணுதான் இருக்கு.”

“கையில மொத்தம் எத்தனை குச்சி இருக்கு?”

“முப்பத்திமூணு.”

“முப்பத்திமூணு வெச்சுக்கிட்டு ஏழு தர முடியாதா?”

இதற்கு மேல் பேசாதீர்கள். யாராவது ஒரு பிள்ளை ரப்பர் பேண்டை உருவும். உருவியதும் இரண்டு கட்டு, 13 தனிக்குச்சி. அதில் ஏழைக் கொடுத்தால் ஆறு. விடை 26.

எல்லாக் குழுவும் ஒரே வழியில் போகாது. பிரித்த பத்திலிருந்தே ஏழை எண்ணிக் கொடுத்துவிட்டு, மிஞ்சிய மூன்றை ஏற்கெனவே இருந்த மூன்றோடு சேர்த்து ஆறு என்று சொல்லும் குழு இருக்கும். அதுவும் சரிதான், மனக்கணக்குக்கு அந்த வழியே சுலபம். இரண்டு குழுவையும் முன்னால் வரவழைத்து, என்ன செய்தோம் என்று சொல்ல வையுங்கள். கரும்பலகை ஓரத்தில் இருக்கும் கணிப்புகளுக்கு இப்போது திரும்புங்கள். ஏன் மூன்று கட்டு மிஞ்சவில்லை என்பதை, மூன்று என்று சொன்ன பிள்ளையே சொல்லட்டும். அதற்கு இப்போது விஷயம் தெரியும், கூச்சம் இருக்காது.

அடுத்தது நோட்டு. முதலில் படம்: பத்துக்கு ஒரு நெட்டைக் கோடு, ஒன்றுக்கு ஒரு புள்ளி. நாலு கோடு, மூன்று புள்ளி. ஒரு கோட்டை அடித்துவிட்டுப் பத்துப் புள்ளி வைக்க வேண்டும். அதன் பிறகுதான் எண். 4-ஐ அடித்து 3, பக்கத்திலிருக்கும் 3-ஐ 13 ஆக்குகிறோமே, அந்த அடித்தல் எந்த நிமிடம் நடந்தது என்று கேளுங்கள். ரப்பர் பேண்டை உருவிய நிமிடம் என்று வகுப்பு சொன்னால் வேலை முடிந்தது. (நாம் முதலில் ஒரு கட்டைக் கொடுத்துவிட்டுப் பிரித்தோம், நோட்டில் பிரித்துவிட்டுக் கொடுக்கிறோம். யாராவது கவனித்துக் கேட்டால், குச்சியால் அந்த வரிசையிலும் ஒருமுறை செய்து பார்க்கச் சொல்லுங்கள். அதே 26 வரும்.) செயல், பிறகு படம், பிறகு குறியீடு என்ற இந்த வரிசையை 1960-களில் எழுத்தில் வகுத்துத் தந்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர். நடுவிலிருக்கும் படத்தைத் தாண்டிக் குதிப்பதுதான் நாம் வழக்கமாகச் செய்கிற அவசரம்.

ஒரு பீரியடில் மூன்று கணக்கு போதும். 52 − 28, 40 − 13 இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். 40-இல் தனிக்குச்சியே கிடையாது என்பதால் எடுத்த எடுப்பிலேயே கட்டைப் பிரிக்க வேண்டிவரும்.

இரண்டாவது: ஒரு தாள், இரண்டு பாதி

மூன்றாம், நான்காம் வகுப்பில் பின்னம் தொடங்கும்போது செய்யலாம். ஆளுக்கு ஒரே அளவில் இரண்டு செவ்வகத் தாள். முதல் தாளைச் சரிபாதியாக மடித்து வெட்ட வேண்டும், செவ்வகப் பாதி கிடைக்கும். இரண்டாவதை மூலைக்கு மூலை கோடு போட்டு வெட்ட வேண்டும், முக்கோணப் பாதி கிடைக்கும். இதை மடித்து வெட்டச் சொல்லாதீர்கள், சதுரத் தாளாக இல்லாவிட்டால் மூலைகள் ஒன்றோடொன்று பொருந்தாது. வெட்டிய முக்கோணம் இரண்டும் சமமா என்று ஒன்றைத் திருப்பி மற்றதன்மேல் வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்போது கேளுங்கள்: செவ்வகப் பாதி பெரிதா, முக்கோணப் பாதி பெரிதா? முக்கோணம் நீளமாகத் தெரிவதால் அதுதான் பெரிது என்று கைகள் எழும். கணிப்பை எழுதிக்கொண்டு, முக்கோணத்தின் நிமிர்ந்த பக்கத்துக்கு நடுவில் புள்ளி வைத்து, அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரே ஒரு வெட்டு வெட்டச் சொல்லுங்கள். மேலே ஒரு சின்ன முக்கோணம் தனியாக வரும். அதைத் தலைகீழாகத் திருப்பிச் சாய்ந்த பக்கத்தில் ஒட்டினால் செவ்வகப் பாதி அப்படியே வந்து நிற்கும். முழுத்தாளை நீளவாக்கில் பாதியாக்கியிருக்கிறோமா, அகலவாக்கிலா என்பதைப் பொறுத்து எந்தப் பக்கத்தை வெட்டுவது என்பது மாறும். முதலில் நீங்கள் ஒருமுறை வீட்டில் வெட்டிப் பார்த்துவிடுங்கள். வடிவம் வேறாக இருந்தாலும் பாதி பாதிதான் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான நிரூபணம் எனக்குத் தெரியவில்லை. ஒட்டிய துண்டுகளே நோட்டுப் பதிவு.

மூன்றாவது: நான்கு டம்ளர் விதை

இது ஒரு வாரச் செயல்பாடு, தினமும் ஐந்து நிமிடம். பச்சைப்பயறு சீக்கிரம் முளைப்பதால் வசதி. நான்கு டம்ளரில் பஞ்சு விரித்துப் பத்துப் பத்து விதை போடுங்கள். ஒன்றில் பஞ்சு காய்ந்தே இருக்கட்டும். இரண்டாவதில் ஈரப் பஞ்சு, ஜன்னல் ஓரம். மூன்றாவதிலும் ஈரப் பஞ்சுதான், ஆனால் மூடிய அட்டைப்பெட்டிக்குள் இருட்டில். நான்காவதில் விதை மூழ்கும்படி நிறையத் தண்ணீர்.

இருட்டில் இருப்பது முளைக்காது என்று கிட்டத்தட்ட வகுப்பு முழுக்கச் சொல்லும். முளைக்கும். முளைவிட விதைக்குத் தேவை தண்ணீர், காற்று, ஏற்ற வெப்பம். பயறுக்கு முளைவிடுவதற்கு வெளிச்சம் அவசியமில்லை. அதற்கு வேண்டிய உணவு விதைக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் நாலைந்து நாள் விட்டுப் பாருங்கள், பெட்டிக்குள் இருப்பது வெளுத்து, மெலிந்து, நெடுநெடுவென்று வளர்ந்திருக்கும். ஜன்னல் ஓரத்தது குட்டையாகப் பச்சையாக நிற்கும். மூழ்கிய விதைகள் ஊதும், சில வாய் பிளக்கும், போதிய காற்று கிடைக்காமல் கடைசியில் பெரும்பாலும் அழுகி நாற்றமடிக்கும். அந்த நாற்றத்தைப் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள். பார்த்த பிறகு கை கழுவ வையுங்கள், டம்ளரில் இருப்பதைச் சாப்பிட விடாதீர்கள்.

பதிவுக்கு ஒரு கட்டம் போதும்: நாள், எத்தனை முளைத்தது, சின்னப் படம். படத்தை மனதிலிருந்து வரையாமல் டம்ளரைப் பார்த்து வரைய வேண்டும். வேர் வந்த முதல் நாளே இலை, பூ, சூரியன் எல்லாம் வரைந்துவிடுவார்கள். “பூ எங்க இருக்கு, காட்டு” என்று கேட்டால் போதும்.

இடையில் வரும் தொல்லைகள்

சத்தம் வரும். குச்சியைப் பற்றிய சத்தமா, வேறு கதையா என்று காதைத் தீட்டிக் கேளுங்கள். முதலாவது என்றால் விட்டுவிடலாம், பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். சீக்கிரம் முடிக்கும் குழுவுக்கு “இதே போல, கட்டைப் பிரித்தே ஆக வேண்டிய கணக்கு ஒன்றைப் பக்கத்துக் குழுவுக்குச் செய்துகொடுங்கள்” என்று வேலை கொடுங்கள், கணக்குப் போடுவதைவிடக் கணக்கு உருவாக்குவது கடினம். பீரியட் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே பொருளைத் திரும்ப வாங்குங்கள்: 60 குச்சியையும் ஆறு கட்டாகக் கட்டித் தர வேண்டும். பொருளும் தொலையாது, பத்தாக எண்ணும் பயிற்சி ஒன்றும் கூடும்.

குச்சியை எப்போது நிறுத்துவது என்று கேட்பீர்கள். ஒரு தேதி வைத்துக்கொண்டு எல்லாரிடமும் ஒரே நாளில் பிடுங்கிவிட வேண்டாம். குச்சி பக்கத்தில் இருந்தும் அதைத் தொடாமல் கோடும் புள்ளியும் போட்டு விடை சொல்கிற பிள்ளைக்கு அது இனி தேவையில்லை. இன்னும் தொடுகிற பிள்ளைக்கு மேசை ஓரத்தில் ஒரு டப்பா இருக்கட்டும், கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவையுங்கள். மூன்றாம் வகுப்பில் மூன்று இலக்கக் கழித்தல் வரும்போது, பத்துக் கட்டுகளைச் சேர்த்துக் கட்டிய நூறுக்கான பெரிய கட்டு வேண்டியிருக்கும். அன்றைக்கு, குச்சியை எப்போதோ விட்ட பிள்ளைகளும் அந்த டப்பாவைத் தேடி வருவார்கள்.