காதல் கதை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காதல் கதையில் இருவரும் கடைசியில் சேர்ந்துவிடுவார்கள் என்று வாசகருக்கு முதல் பக்கத்திலேயே தெரியும். தெரிந்துதான் புத்தகத்தைக் கையில் எடுக்கிறார். "முடிவுதான் தெரிந்ததாச்சே" என்று இந்த வகையையே ஒதுக்குகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: துப்பறியும் கதையில் கொலையாளி பிடிபடுவான் என்பதும் தெரிந்ததுதான். இப்படிப்பட்ட இரண்டு பேர் எப்படிச் சேர முடியும் என்று பார்க்கத்தான் காதல் கதையைப் படிக்கிறோம்.

எழுதுகிறவர்கள் சறுக்குவதும் அந்த 'எப்படி'யில்தான். ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துவிடும் பிரச்சினையை வைத்து முழுக் கதையையும் ஓட்டப் பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. அவன் வேறொரு பெண்ணோடு சிரித்துப் பேசுவதை அவள் பார்க்கிறாள், கோபித்துக்கொண்டு போய்விடுகிறாள். இருநூறு பக்கம் கழித்து அது அவன் தங்கை என்று தெரிகிறது. பேசிவிட்டால் கதை முடிந்துவிடுமே என்பதைத் தவிர, நடுவில் இருவரும் வாய் திறக்காததற்கு வேறு காரணமே இல்லை. வாசகருக்கு எரிச்சல்தான் மிஞ்சும்.

இப்படி யோசித்துப் பாருங்கள். கதிரின் அப்பாவுக்கு நினைவு தப்பிக்கொண்டே வருகிறது. அவரை விட்டு அவனால் நகர முடியாது. வித்யா பல வருடம் காத்திருந்த வேலை வேறு ஊரில் கிடைத்திருக்கிறது. "நான் போகவில்லை, இங்கேயே இருக்கிறேன்" என்கிறாள். "வேண்டாம். இரண்டு வருடம் போனால் என்னைப் பார்க்கவே உனக்குப் பிடிக்காது" என்கிறான். ஒளிவுமறைவு எதுவும் இல்லை. ஆனால் பேசப் பேசச் சிக்கல் கூடுகிறது. தனக்காக ஒருத்தி மனசார விரும்பித் தங்குவாள் என்று கதிரால் நம்ப முடியவில்லை. அவனுக்கு அந்த நம்பிக்கை எப்படி வருகிறது என்பதுதான் கதை.

அதற்காகத் தவறான புரிதலே கூடாது என்பதில்லை. 1813இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் மொத்தம் 61 அத்தியாயங்கள். 34ஆம் அத்தியாயத்தில் டார்சி காதலைச் சொல்கிறான், எலிசபெத் மறுத்துவிடுகிறாள். அவனைப் பற்றி அவள் தவறாக நம்பியிருந்த முக்கியமான விஷயத்துக்கு அடுத்த அத்தியாயத்திலேயே கடிதத்தில் விளக்கம் வந்துவிடுகிறது. அதற்கு அப்புறமும் 26 அத்தியாயங்கள் இருக்கின்றன! உண்மை தெரிந்த பிறகு மாற வேண்டியது அவர்கள் இருவரும்தான். அதற்குத்தான் அத்தனை பக்கங்கள்.

காதலைச் சொன்னதும் கதை தீர்ந்துபோய்விட்டதாக நினைப்பதும் தவறு. திருக்குறளின் காமத்துப்பாலில் உள்ள 25 அதிகாரங்களில் 18 கற்பியலை, அதாவது சேர்ந்த பிறகான காதலைப் பற்றிய பகுதியைச் சேர்ந்தவை. பிரிவாற்றாமையில் தொடங்கி ஊடலுவகையில் முடிகின்றன. சேர்ந்தவர்களுக்கு நடுவே எத்தனை ஏக்கமும் பிணக்கும் இருக்க முடியும் என்பதைப் படிக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு தவறு, முரட்டுத்தனத்தைக் காதலாகக் காட்டுவது. அவள் வேண்டாம் என்ற பிறகும் பின்னாலேயே வருகிறான், கையைப் பிடித்து இழுக்கிறான், கடைசியில் "உன்மேல் உள்ள அன்பினால்தான்" என்கிறான். நாயகன் கோபக்காரனாக இருக்கலாம். ஆனால் அவள் மறுக்கும்போது அவன் என்ன செய்கிறான் என்பதில்தான் வாசகர் அவனை எடைபோடுகிறார். அந்த இடத்தில் அவன் ஒதுங்கி நின்றால், அவனுக்காக வாசகரே ஏங்க ஆரம்பித்துவிடுவார்.

அழகை வர்ணிக்க ஒரு பக்கம் வேண்டாம், ஒரு வரி போதும். போட்டிக்கு வருகிறவளை வில்லியாக்குவதும் வேண்டாம். அவளும் நல்லவளாக இருந்தால்தான் அவன் யாரைத் தேர்ந்தெடுக்கிறான் என்பதற்கு அர்த்தம் இருக்கும்.

அப்புறம் அந்த அவசர முடிவு. முந்நூறு பக்கம் காயப்படுத்தியவன் ஒரே பத்தியில் மன்னிப்புக் கேட்கிறான், அவளும் உடனே அழுதுகொண்டே அணைத்துக்கொள்கிறாள். மன்னிப்புக்கும் கால அவகாசம் வேண்டும். முன்பு எதைச் செய்யத் தவறினானோ, அதையே இந்த முறை யாரும் கேட்காமல் அவன் செய்வதாக ஒரு காட்சி எழுதுங்கள். அதைப் பார்த்த பிறகு அவள் முடிவெடுக்கட்டும்.