காரிஜிபிள்: ஒரு சொல்லின் வரலாற்றை அட்டையில் எடுக்கும் முறை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழும் மலையாளமும் புழங்கும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் பக்கம் ஆங்கிலம் படிப்பவர்களுக்குச் சொல் வரலாறு பற்றி அசைன்மென்ட் வந்தால் 'காரிஜிபிள்' (corrigible) நல்ல தேர்வு. திருத்தக்கூடிய என்று அகராதி ஒரே வரியில் முடித்துவிடும். ஆனால் யார் யாரைத் திருத்துவது என்பது இந்தச் சொல்லுக்குள் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு இடம் மாறியிருக்கிறது. அதைப் பிடிப்பதுதான் வேலை.

ஏ4 தாளைப் பாதியாக வெட்டிப் பன்னிரண்டு அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மேற்கோளுக்கு ஓர் அட்டை. மேலே ஆண்டு, அடுத்து முழு வாக்கியம். அதன் கீழே மூன்று வரி: இந்தப் பெயரடை எந்தப் பெயர்ச்சொல்லோடு நிற்கிறது, திருத்துகிறவர் யார், எதைக் கொண்டு திருத்துகிறார். மூன்றாவது வரியைத்தான் பலரும் காலியாக விடுவார்கள். பிரம்பா, சொல்லா, சட்டமா என்று எழுதினால்தான் பொருள் நகர்ந்தது கண்ணில் படும்.

முதல் அட்டை வேருக்கு. லத்தீனில் 'ரெகெரே' என்றால் நேராக நடத்துவது. 'கோர்' என்ற முன்னொட்டு சேர்ந்து 'கோரிகெரே' ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கரெக்ட், டைரக்ட், ரெக்டர் எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைகள். இதோடு வேரை விட்டுவிடுங்கள். 'நேராக்குவது என்பதே உண்மையான பொருள்' என்று எழுதினால் மார்க் போகும். ஒரு சொல்லின் பொருள் அது புழங்கிய வாக்கியங்களில் இருக்கிறதே தவிர வேரில் இல்லை.

அடுத்து ஆக்ஸ்போர்டு பெரிய அகராதி. புதிய பதிப்புக்குச் சந்தா வேண்டும். பழைய முதல் பதிப்பின் ஸ்கேன் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, இந்த வேலைக்கு அதுவே போதும். காரிஜிபிள் 1893இல் வந்த சி தொகுதியில் இருக்கிறது. எதிர்மறையான 'இன்காரிஜிபிள்' 1901இல் வந்த எச் முதல் கே வரையிலான தொகுதியில். இரண்டையும் திறக்காவிட்டால் பாதி வரலாறு கைநழுவும். ஏனென்றால் எதிர்மறைதான் முதலில் வந்தது: இன்காரிஜிபிள் 14ஆம் நூற்றாண்டிலும், காரிஜிபிள் 15ஆம் நூற்றாண்டிலும் ஆங்கிலத்தில் தலைகாட்டுகின்றன. இன்றைக்கும் பேச்சில் புழங்குவது எதிர்மறைதான். நேர்ப்பொருளுக்கு 'கரெக்டபிள்' என்று சொல்லிவிடுகிறார்கள்.

இந்த அகராதி பொருள்களைக் கால வரிசையில் அடுக்கும். கையடக்க அகராதிகள் பலவற்றில் இன்று அதிகம் புழங்கும் பொருள் முதலில் நிற்கும். இரண்டையும் கலந்து 1, 2 என்று எண் போட்டால் வரலாறு தலைகீழாகிவிடும்.

நேரத்தைச் செலவிட வேண்டிய இடம் ஷேக்ஸ்பியர். இரண்டு அட்டை ஒதுக்குங்கள். ஒதெல்லோவின் முதல் அங்கம், மூன்றாம் காட்சியில் இயாகோ உடலைத் தோட்டம் என்றும் மன உறுதியைத் தோட்டக்காரன் என்றும் சொல்லிவிட்டு, அதை ஆளும் 'காரிஜிபிள் அதிகாரம்' நம் கையில் என்கிறான். இங்கே அதிகாரம் திருத்தப்படுவது அல்ல, திருத்துவது. ஆன்டனி அண்ட் கிளியோபாட்ராவின் நான்காம் அங்கம், பதினான்காம் காட்சியில் அதே சொல் கழுத்தோடு வருகிறது: தோற்று அடங்கிக் குனிந்த கழுத்து. ஒரே ஆசிரியர், ஒரே சொல், இரண்டு எதிர்த்திசை. ஷேக்ஸ்பியர் தவறிவிட்டார் என்று எழுதாதீர்கள். 'இபிள்' என்ற ஈற்றுக்கு அந்தக் காலத்தில் செய்வினை, செயப்பாட்டு வினை இரண்டுமே ஒத்துவந்தன. தண்டிக்கத்தக்க என்ற பொருளும் அப்போது உண்டு. அதற்குத் தனி அட்டை போடுங்கள்.

பிறகு சட்டம். இங்கிலாந்தில் 1576இன் சட்டம் ஊர் சுற்றிகளை வேலை வாங்க மாவட்டந்தோறும் திருத்த இல்லம் வைக்கச் சொன்னது. 1824இன் நாடோடிகள் சட்டம் 'இன்காரிஜிபிள் ரோக்', அதாவது திருந்தாத போக்கிரி, என்றே ஒரு வகுப்பை வைத்தது. நாடோடி என்று தண்டனை பெற்றவர் மறுபடி அதே வகைக் குற்றத்தில் பிடிபட்டால் இந்தப் பட்டம். சவுக்கடியும் உண்டு. அதாவது 'திருந்தாதவன்' என்பது குணத்தைப் பற்றிய பேச்சாக இல்லாமல் பதிவேட்டில் ஏறும் எண்ணிக்கை ஆகிறது. கேரளத்தின் 2010ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரில் 'கரெக்‌ஷனல் சர்வீசஸ்' இருப்பதை இந்த அட்டையின் ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம். அதே குடும்பம், இப்போது சேவை என்ற பெயரில்.

இருபதாம் நூற்றாண்டுத் தத்துவத்துக்கு ஓர் அட்டை போதும். 'எனக்கு வலிக்கிறது' என்று ஒருவர் சொன்னால் அவரை மற்றவர் திருத்த முடியாது, எனவே அது இன்காரிஜிபிள் கூற்று என்றார்கள். வசைச்சொல் அறிவின் உறுதிக்குப் பெயராகிவிட்டது. 1962இல் வெளியான ஜே. எல். ஆஸ்டினின் நூல் அந்த உறுதியைக் கடுமையாகக் கேள்வி கேட்கிறது.

இனி மொழிபெயர்ப்புச் சோதனை. இங்கே இரண்டு மொழி புழங்குவது பெரிய வசதி. 'இன்காரிஜிபிள்' ஆளைப் பற்றி வரும்போது தமிழ்ப் பையன் 'அவன் திருந்தமாட்டான்' என்பான், மலையாளப் பையன் 'அவன் நன்னாவில்ல' என்பான். பிழையைப் பற்றி வந்தால் இருவருமே 'திருத்த முடியாது' என்ற பக்கம் சாய்வார்கள். திருந்து, திருத்து என்று தமிழ் பிரித்து வைத்ததை ஆங்கிலம் ஒரே சொல்லில் அடைத்திருக்கிறது. ஒவ்வொரு அட்டையின் பின்புறமும் 'திருந்தக்கூடிய', 'திருத்தக்கூடிய' இரண்டில் எது பொருந்துகிறது என்று எழுதுங்கள். ஒதெல்லோ அட்டைக்கு இரண்டுமே ஒட்டாது, 'திருத்தும்' என்றுதான் போட வேண்டும்.

ஒரு சொல் நூல்களில் ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு வந்தது என்று காட்டும் கூகுள் என்கிராம் வரைபடத்தைச் சேர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில. காரிஜிபிள் என்று தேடினால் இன்காரிஜிபிள் அதில் சேராது, தனியாகத் தேட வேண்டும். நாற்பதுக்குக் குறைவான நூல்களில் வரும் சொல் கணக்கிலேயே வராது. ஸ்கேன் நூல்களில் சொல் வரி முடிவில் உடைந்திருந்தால் தேடல் கோட்டைவிடலாம், 'காரி' (corri) என்ற முன்பாதியைப் போட்டும் ஒருமுறை தேடுங்கள். பழைய அச்சில் ஐக்குப் பதில் ஒய் வந்த எழுத்துக்கூட்டலும் உண்டு. ஸ்கேனுக்கு மேலே இருக்கும் ஆண்டு மறுபதிப்பின் ஆண்டாக இருக்கலாம், தலைப்புப் பக்கத்தைப் பார்க்காமல் அட்டையில் ஏற்றாதீர்கள்.

கடைசி அட்டை செயற்கை நுண்ணறிவுக்கு. 2015இல் ஆய்வாளர்கள் சிலர் 'காரிஜிபிலிட்டி' என்ற தலைப்பில் கட்டுரை எழுதினார்கள். மனிதர் நிறுத்தவோ மாற்றவோ வரும்போது தடுக்காமல் ஒத்துழைக்கும் இயந்திரம் என்பது அதன் பொருள். திருத்துகிறவர் என்ற வரியில் 'உருவாக்கியவர்' என்றும், கருவி என்ற வரியில் 'நிறுத்தும் பொத்தான்' என்றும் எழுதி, இதை ஆன்டனியின் கழுத்து அட்டைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். காலவரிசை குலையும் என்றால் நூல் கட்டி இணைத்தாலும் போதும்.