பிலிப்பைன்ஸ் ஓவியரின் தனிக்கண்காட்சி: போவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் அலுவலகத் தம்பி ஒருவனை முதன்முறையாக ஓவியக் கண்காட்சிக்கு அழைத்துப் போனேன். சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் டிஸ்ட்ரிபார்க்கில், துறைமுகத்தை ஒட்டிய பழைய கிடங்குக் கட்டடத்தில், பிலிப்பைன்ஸ் ஓவியர் ஒருவரின் தனிக்கண்காட்சி. பத்தே நிமிடத்தில் சுற்றி வந்துவிட்டு என் காதருகே கேட்டான்: "அக்கா, இதுல பிலிப்பைன்ஸ் மாதிரி ஒண்ணுமே இல்லையே?"

எனக்குத் திக்கென்றது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நான் கேட்ட அதே கேள்வி. அவனாவது என்னிடம் கேட்டான். நான் ஓவியரிடமே கேட்டேன்.

தொடாதீர்கள், ஃபிளாஷ் போடாதீர்கள் என்பதெல்லாம் வாசலிலேயே எழுதியிருக்கும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வாங்குபவர்களுக்கு மட்டும்தான் என்று வாசலோடு திரும்புவது

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போங்கள். இந்த மாதிரி கேலரிகளில் பெரும்பாலும் கட்டணம் கிடையாது. மேசையில் இருப்பவர் எழுந்து வரவில்லை என்றால் உங்களை நிம்மதியாகப் பார்க்க விடுகிறார் என்று அர்த்தம்.

சுவரில் எழுதியிருப்பதை முதலில் படிப்பது

படம் முதலில். எழுத்து பிறகு.

படத்தில் நாட்டைத் தேடுவது

இது இன்றும் என்னை உறுத்துகிற தவறு. சிங்கப்பூரின் கில்மன் பாரக்ஸ் பழைய ராணுவ முகாமில் கலைக்கூடங்கள் வந்த புதிது. முதல் நாள் இரவு உட்கார்ந்து பிலிப்பைன்ஸ் ஓவியம் பற்றிப் படித்துவிட்டுப் போயிருந்தேன். ஃபெர்னாண்டோ அமோர்சோலோவின் நெல் நடவுக் காட்சிகள், எருமைகள், பின்னாலிருந்து வரும் வெயிலில் ஓரம் மட்டும் ஒளிரும் பெண்களின் கூந்தல். அதையெல்லாம் எதிர்பார்த்துப் போனால், சுவர் முழுக்கச் சாம்பல் நிறம். ஒன்பது பெரிய கித்தான்கள் (கேன்வாஸ்). வார நாள் மதியம் என்பதால் கூட்டமே இல்லை. ஓவியர் தனியாக நின்றிருந்தார். நான் போய், "இதில் பிலிப்பைன்ஸ் எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "இந்தக் கண்காட்சியில் இல்லை" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு அலுவலக அறைக்குள் போய்விட்டார். அவர் போன பிறகுதான் கித்தானின் ஓரங்களைக் கவனித்தேன். சாம்பலுக்கு அடியில் பச்சை, சிவப்பு, மீண்டும் பச்சை. பூசி, சுரண்டி, மறுபடி பூசியிருந்தார். எப்படிச் செய்தார், ஏன் மறைத்தார் என்று கேட்டிருந்தால் ஒருவேளை மதியம் முழுக்கப் பேசியிருப்பார். வார இறுதியில் மறுபடி போனபோது ஒன்பதில் ஆறு படங்களின் பக்கத்தில் சிவப்புப் புள்ளி. விற்றுவிட்டது என்று பொருள். தனிக்கண்காட்சியில் நாம் இழப்பது இதைத்தான். ஒரு மனிதர் இரண்டு மூன்று வருடம் வரைந்தவை சில வாரங்கள் மட்டும் ஒரே அறையில் இருக்கும். பிறகு ஆளுக்கொரு வீடாகப் பிரிந்துவிடும். அந்த ஒன்பதையும் சேர்த்து நான் இனி எங்கேயும் பார்க்க முடியாது.

நாட்டைத் தேடுபவர்களிடம் நான் பிலிப்பைன்ஸ் ஓவியர் ஹுவான் லூனாவைப் பற்றித்தான் சொல்வேன். அவர் வரைந்த, பிலிப்பைன்ஸ் மக்கள் உயிராக நினைக்கும் 'ஸ்போலியாரியம்' மணிலாவின் தேசிய நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 4 மீட்டருக்கும் அதிக உயரம், ஏழரை மீட்டருக்கும் அதிக அகலம். 1884 இல் மாட்ரிட்டில் தங்கப் பதக்கம் வாங்கியது. அதில் தென்னையோ வயலோ கிடையாது. இருப்பதெல்லாம் அரங்கச் சண்டையில் செத்த ரோமானிய கிளாடியேட்டர்களின் உடல்களைத் தரையில் இழுத்துப்போகும் காட்சி. ஸ்பெயினின் ஆட்சியில் கிடந்த ஜனங்கள் இழுபடும் அந்த உடல்களில் தங்களைக் கண்டார்கள். "பிலிப்பைன்ஸ் எங்கே?" என்று லூனாவிடம் கேட்டிருந்தால் எதைக் காட்டியிருப்பார்?

அமோர்சோலோவும் வெறும் வெயில் ஓவியர் அல்லர். இரண்டாம் உலகப் போரில் எரிந்த மணிலாவை வரைந்ததும் அதே கைதான்.

நாடு நேராகவே தெரியும் படங்களும் உண்டு. பென்கப் என்று எல்லாரும் அழைக்கும் பெனடிக்டோ கப்ரெரா, மணிலாவில் தான் பார்த்த, குப்பை பொறுக்கி வாழ்ந்த சபெல் என்ற பெண்ணை 1960களில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் வரைந்தார். "ஐயோ, வறுமை" என்று அங்கேயே நின்றுவிட்டால், அவள் உடம்பில் சுற்றிய பிளாஸ்டிக் தாளின் மடிப்புகள் எத்தனை விதமாக உருமாறுகின்றன என்பதைத் தவறவிடுவோம்.

ஓவியர் எதிரில் நின்றால் கேட்க எவ்வளவோ இருக்கிறது. இதில் முதலில் வரைந்தது எது? எதை நடுவில் அழித்தீர்கள்? எந்தப் படத்தை இங்கே மாட்டாமல் வீட்டிலேயே வைத்துவிட்டீர்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்கிய ஓவியரை நான் இதுவரை பார்க்கவில்லை.

திறப்பு விழா மாலையோடு முடித்துக்கொள்வது

அன்று தெரிவது மனிதர்களின் முதுகுதான். ஓவியருக்குக் கைகொடுக்க அன்று போங்கள். படங்களுக்காக ஒரு வார நாள் மதியம் மறுபடி போங்கள்.

ஃபோனில் பார்த்துவிட்டு, பார்த்தாயிற்று என்பது

பிலிப்பைன்ஸ் ஓவியர் பசிதா அபாத் 1946 இல் படானெஸ் தீவுகளில் பிறந்து, 2004 இல் சிங்கப்பூரில் காலமானவர். கித்தானில் வண்ணம் தீட்டி, உள்ளே பஞ்சடைத்துத் தைத்து, பொத்தானும் சிப்பியும் மணியும் கோப்பார். பக்கவாட்டில் நின்று பார்த்தால்தான் படம் எவ்வளவு புடைத்திருக்கிறது என்று தெரியும். திரையில் அது தட்டையான துணி. காலமான அதே ஆண்டில் சிங்கப்பூர் ஆற்றின் அல்காஃப் பாலத்துக்கு 55 நிறங்கள் தீட்டியவரும் அவர்தான். அந்தப் பாலத்தில் நடப்பவர்களில் பலருக்கு அவர் பெயர் தெரியாது என்பது எனக்கு வருத்தம்.

ஓவியரைத் தனியே ஓரங்கட்டி விலை பேசுவது

நம்மவர்கள் இதைத் திறமை என்று நினைக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். விற்ற தொகையை ஓவியரும் கேலரியும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். பல இடங்களில் சரிபாதி. கேலரிக்குத் தெரியாமல் உங்களுக்கு விற்றால் ஓவியரின் அடுத்த கண்காட்சிக்கே ஆபத்து. கையில் பணம் குறைவு என்றால் மேசையில் இருப்பவரிடமே வெளிப்படையாகச் சொல்லுங்கள். காகிதத்தில் வரைந்த சிறிய படங்கள் இருக்கின்றனவா, தவணையில் தர முடியுமா என்று கேளுங்கள். எனக்கு முதல் படம் அப்படித்தான் கிடைத்தது, நான்கு தவணையில்.

கடைசி நாளுக்குத் தள்ளிப்போடுவது

நான் சொன்னதைக் கேட்டுத் தம்பி இரண்டாம் முறை தனியாகப் போனான். முடிவதற்கு முந்தின நாள் மாலை. ஊருக்குத் திரும்பும் யாரோ வாங்கியிருந்த மூன்று படங்களை இறக்கிக் குமிழ் உறை சுற்றிக்கொண்டிருந்தார்களாம். சுவரில் ஆணி மட்டும்.