குறைந்த செலவில் ஒரு சிறு சந்தையின் தேவையை உறுதிசெய்வது எப்படி?

இடக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கான தையல் கத்தரிக்கோலை விற்க ஒருவர் எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்வோம். உலக மக்களில் ஏறத்தாழ 10 சதவீதத்தினர் இடக்கைப் பழக்கம் உடையவர்கள் என்பதால், சந்தை மிகப் பெரியது என்று அவருக்குத் தோன்றும். ஆனால் அவர்களில் தைப்பவர்கள் எத்தனை பேர், தைப்பவர்களில் வழக்கமான கத்தரிக்கோலால் உண்மையிலேயே சிரமப்படுபவர்கள் எத்தனை பேர், அந்தச் சிரமம் தீரக் கூடுதல் விலை கொடுப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுக்கொண்டே போனால், அந்த எண் வேகமாகச் சுருங்கும். எஞ்சுபவர்களே அவருடைய சந்தை. சரக்கில் பணத்தை முடக்குவதற்கு முன்பே அவர்களைக் கண்டறிய வேண்டும்.

முதற்கட்டத்திற்குப் பணமே தேவையில்லை. கூகுள் தேடுபெட்டியில் பொருளின் பெயரைத் தட்டும்போது தானாகத் தோன்றும் பரிந்துரைகள், மக்கள் அதை எந்தச் சொற்களால் தேடுகிறார்கள் என்பதைக் காட்டும். கூகுளின் இலவசக் கருவியான கூகுள் டிரெண்ட்ஸ், அந்தத் தேடலில் ஆர்வம் ஏறுகிறதா, இறங்குகிறதா, பருவத்திற்கேற்ப மாறுகிறதா என்பதைக் காட்டும். ஐந்தாண்டு வரைபடத்தைப் பார்ப்பது நல்லது. ஆனால் அங்கே காணப்படும் 0 முதல் 100 வரையிலான மதிப்புகள் தேடல்களின் எண்ணிக்கை அல்ல; தேர்ந்தெடுத்த காலத்தின் உச்சத்தை 100 என்று கொண்டு கணக்கிட்ட ஒப்பீட்டு அளவுகளே. இதை அறியாமல் 100ஐக் கண்டு மகிழ்பவர்கள் பலர். தேடல்களின் தோராயமான எண்ணிக்கைக்கு, விளம்பரம் செய்பவர்களுக்காகக் கூகுள் வழங்கும் கீவேர்ட் பிளானர் என்ற கருவி உதவும். விளம்பரச் செலவு செய்யாத கணக்குகளுக்கு அது 100 முதல் 1,000 வரை என்பது போன்ற அகன்ற வரம்பைத்தான் தரும் என்றாலும், தொடக்கத்திற்கு அது போதும்.

அடுத்து, ஏற்கெனவே விற்பனையில் இருக்கும் ஒத்த பொருள்களின் மதிப்புரைகளைப் படிக்க வேண்டும். இரண்டு, மூன்று நட்சத்திர மதிப்புரைகளே அதிகம் பயன்படும். பணம் கொடுத்து வாங்கியும் மனநிறைவு அடையாதவர்கள் அங்கேதான் தங்கள் குறையை விளக்கமாக எழுதுகிறார்கள். வெட்டும் கோடு கத்தரிக்கோலின் அலகுக்குப் பின்னால் மறைகிறது என்று பலர் தனித்தனியே எழுதியிருந்தால், அது தீர்க்கத்தக்க குறை. போட்டியாளர்கள் இருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஒருவருமே விற்காத பொருளைவிட, சிலர் குறைகளோடு விற்கும் பொருளுக்கே தேவை இருப்பதற்கான சான்று வலுவானது.

பிறகு, அந்தப் பொருளைப் பயன்படுத்தக்கூடியவர்களிடம் நேரில் பேச வேண்டும். உறவினர்களும் நண்பர்களும் இதற்கு உதவமாட்டார்கள்; அவர்களுடைய அன்பு பதிலைத் திரித்துவிடும். ‘இப்படி ஒன்று வந்தால் வாங்குவீர்களா?’ என்ற கேள்வியை அறவே தவிர்க்க வேண்டும், ஏனெனில் ‘ஆம்’ என்று சொல்வதில் கேட்கப்பட்டவருக்கு எந்தச் செலவும் இல்லை. மாறாக, கடைசியாகத் துணி வெட்டியபோது என்ன நடந்தது, சிரமத்தைச் சமாளிக்க என்ன செய்தார், வேறு கருவி தேடினாரா, அதற்கு எவ்வளவு செலவிட்டார் என்று நடந்தவற்றையே கேட்க வேண்டும். சிரமத்தைப் பற்றி நெடுநேரம் பேசியும் அதைத் தீர்க்க ஒருமுறைகூட முயலாதவர், பெரும்பாலும் நம்மிடமும் வாங்கமாட்டார்.

உண்மையான சோதனை, விலையைச் சொல்லி வாங்கச் சொல்வதுதான். 1999இல், பின்னாளில் ஸாப்போஸ் என்று பெயர்பெற்ற இணையக் காலணிக் கடையைத் தொடங்கிய நிக் ஸ்வின்மர்ன், சரக்கை வாங்கிக் குவிக்கவில்லை. கடைகளில் இருந்த காலணிகளைப் படமெடுத்து இணையத்தில் வைத்து, ஆர்டர் வந்த பிறகு அதே கடைகளில் வாங்கி அனுப்பினார். லாபத்தை அவர் எதிர்பார்க்கவில்லை. பார்க்காத காலணியை மக்கள் இணையத்தில் வாங்குவார்களா என்ற கேள்விக்கு விடை கிடைத்தது. நாமும் பொருளின் விளக்கம், விலை, முன்பதிவுப் பொத்தான் ஆகியவற்றைக் கொண்ட ஒற்றைப் பக்கத்தை அமைத்து, நாளொன்றுக்கு உச்சவரம்பு வைத்த சிறு விளம்பரத்தின் மூலம் உரியவர்களை அங்கே வரவழைக்கலாம். பொருள் இன்னும் தயாராகவில்லை என்பதை முன்பணம் பெறுவதற்கு முன்பே தெளிவாகச் சொல்வதும், திட்டம் கைவிடப்பட்டால் பணத்தை முழுமையாகத் திருப்பித் தருவதும் கட்டாயம்.

எத்தனை முன்பதிவுகள் வந்தால் தொடர்வது, எத்தனைக்குக் குறைந்தால் விடுவது என்பதைச் சோதனைக்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். முடிவைப் பார்த்த பிறகு அளவுகோலை வளைக்கும் ஆசை எவருக்கும் வரும். எண்ணிக்கையிலும் கவனம் தேவை. பக்கத்தைப் பார்த்த 100 பேரில் ஒருவரும் வாங்காவிட்டாலும், உண்மையான வாங்கும் விகிதம் 3 சதவீதம் வரை இருக்கக்கூடும் என்கிறது புள்ளியியலின் எளிய விதி ஒன்று: 3ஐப் பார்வையாளர் எண்ணிக்கையால் வகுத்தால், 95 சதவீத நம்பகத்தோடு அந்த மேல்வரம்பு கிடைக்கும். 300 பேர் பார்த்தும் ஒருவரும் வாங்கவில்லை என்றால் வரம்பு 1 சதவீதமாகிறது. ஆகவே 2 சதவீதத்தினர் வாங்கினால்தான் தொழில் நிலைக்கும் என்ற கணக்கு உள்ளவர், 100 பேரோடு நிறுத்திக்கொண்டு திட்டத்தைக் கைவிடுவது அவசரம். 300 பேர் பார்த்த பிறகும் ஒரு முன்பதிவும் இல்லையென்றால், அந்த விலையில் அந்தப் பொருளை விட்டுவிட்டு, பேசியவர்களின் பதில்களில் வேறு எந்தச் சிரமத்திற்கு அவர்கள் ஏற்கெனவே பணம் செலவிட்டிருக்கிறார்கள் என்று தேடலாம்.