புகார் சரி, கதவுதான் தவறு: வட்டாரச் சேவைகளில் நாம் அடிக்கடி செய்யும் பிழைகள்

சிங்கப்பூரில் மாநகராட்சி என்று ஒன்று கிடையாது. திருச்சியிலிருந்தோ மதுரையிலிருந்தோ வந்து இங்கே வீடு வாங்கியவர்களுக்கு இது பிடிபடக் கொஞ்ச காலம் ஆகும். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களிடமும் கால்வாய் யார் பொறுப்பு, மரம் யார் பொறுப்பு என்று கேட்டால் தடுமாறத்தான் செய்வார்கள். மேயர்கள் ஐந்து பேர் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் தலைமை தாங்குவது சமூக மேம்பாட்டு மன்றங்களுக்கு. மின்தூக்கி நின்றுபோனதற்கு மேயருக்கு மின்னஞ்சல் அனுப்பினால் வேலை நடக்காது, நாள்தான் போகும்.

அன்றாட விஷயங்களில் பெரும்பகுதி நகர மன்றத்தின் கையில் இருக்கிறது. 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்த மன்றங்களை அந்தந்தத் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர்களே நடத்துகிறார்கள். நடைபாதை விளக்கு, மின்தூக்கி, கீழ்த்தளம், புளோக்கின் கூரை, பேட்டைக்குள் இருக்கும் செடிகொடி எல்லாம் அவர்கள் பொறுப்பு. பேட்டையைத் தாண்டிச் சாலைக்கு வந்துவிட்டால் கதை மாறுகிறது. சாலையும் மேம்பாலமும் நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கு, பெரிய கால்வாய் பொதுப் பயனீட்டுக் கழகத்துக்கு, சாலையோர மரம் தேசியப் பூங்காக் கழகத்துக்கு, கொசு தேசியச் சுற்றுப்புற வாரியத்துக்கு. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) கார்நிறுத்தம் வீவகவிடம். இரண்டு வீடுகளுக்கு இடையிலான கூரைக்கசிவுக்கும் போக வேண்டிய இடம் வீவகதான், அதைப் பிறகு பார்ப்போம்.

இவ்வளவையும் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 2015இல் ஒன்சர்வீஸ் செயலி வந்தது. எந்த அமைப்பின் வேலை என்று தெரியாவிட்டால் அதில் போடுங்கள், உரிய இடத்துக்கு அவர்களே அனுப்புவார்கள். இதில் நடக்கும் பெரிய தவறு, அவசரத்துக்கும் அதையே நம்புவது. மின்தூக்கிக்குள் ஆள் மாட்டிக்கொண்டிருக்கும்போது படம் எடுத்துச் செயலியில் ஏற்றிக்கொண்டிருக்கக் கூடாது. மின்தூக்கிக்குள்ளேயே ஒட்டியிருக்கும் 24 மணி நேர எண்ணை அழைக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் 995.

இன்னொன்று, தேர்தல். தொகுதி எல்லைகள் மாறினால் நீங்கள் வீடு மாறாமலே உங்கள் நகர மன்றம் மாறிவிடலாம். 2025 மே மாதத் தேர்தலுக்குப் பிறகு பலருக்கு அப்படித்தான் ஆனது. சேவை, பராமரிப்புக் கட்டணக் கடிதத்தின் தலைப்பில் எந்த மன்றத்தின் பெயர் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். கட்டணம் கட்ட முடியாத நிலை வந்தால் கடிதங்களைப் பிரிக்காமல் அலமாரியில் வைப்பதுதான் மிக மோசமான வழி. பாக்கி சேர்ந்தால் தாமதக் கட்டணம் சேரும், பிறகு வழக்கு வரை போகும். முன்கூட்டியே போய்ப் பேசினால் தவணைக்கு வழி கேட்கலாம்.

புகாரை எழுதும் விதம்

நம்மவர்களின் புகார் பெரும்பாலும் ஆதங்கமாக இருக்கிறது. "எங்க புளோக்ல லிஃப்ட் எப்பப் பார்த்தாலும் கெட்டுப்போகுது, யாரும் கண்டுக்கறதில்ல." இதை வாசிக்கும் அதிகாரி என்ன செய்வார்? ஆள் அனுப்புவார். ஆள் வரும் நேரத்தில் மின்தூக்கி நன்றாக ஓடும். "கோளாறு எதுவுமில்லை" என்று புகாரை மூடுவார்கள். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "பி மின்தூக்கி, 9வது மாடி. கதவு மூடும்போது பாதியில் மறுபடி திறக்கிறது. செவ்வாய் காலை 7.40க்கும் புதன் இரவு 9 மணிக்கும் நடந்தது." கூடவே ஒரு காணொளி. அவ்வளவுதான். எந்த மாடி, எந்த நேரம், எத்தனை முறை என்ற மூன்றும் இருந்தால் ஆதங்கம் தேவையே இல்லை.

ஒரே விஷயத்தைச் செயலியில் ஒருமுறை, மின்னஞ்சலில் ஒருமுறை, ஃபேஸ்புக்கில் ஒருமுறை என்று மூன்று இடத்தில் போடுவதாலும் வேகம் கூடாது. மூன்று கோப்புகள் உருவாகும், ஒவ்வொன்றும் மற்றதற்காகக் காத்திருக்கும். முதல் புகாரின் எண்ணைக் குறித்துவைத்து அதையே தொடருங்கள்.

கூரையில் கசிவு

குளியலறைக் கூரையில் மஞ்சளாக ஒரு கறை. பிறகு சாயம் உப்பிக்கொண்டு வரும். பிறகு சொட்டு. இந்தக் கட்டத்தில் மூன்று விதமான தவறுகளைப் பார்க்கிறேன்.

சிலர் மேலே சாயம் அடித்து மறைத்துவிடுகிறார்கள். சிலர் நகர மன்றத்தை அழைத்து, "எங்கள் வேலை இல்லை" என்று கேட்டுக் கோபப்படுகிறார்கள். கடைசி மாடிக்காரர் என்றால் அழைப்பது சரி, ஏனென்றால் மேலே இருப்பது புளோக்கின் கூரை. நடுமாடியில் மேலே இருப்பது இன்னொருவர் வீட்டுத் தரை. மூன்றாவது வகையினர் நேராக மேல்வீட்டுக்குப் போய், "உங்க வீட்டுத் தண்ணி, நீங்கதான் காசு கட்டணும்" என்று சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டை வருஷக்கணக்கில் நீளும். மின்தூக்கியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார்கள். கசிவு அங்கேயே இருக்கும்.

விதி வேறு மாதிரி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் தளம் இருவருக்கும் பொது, பழுதுபார்க்கும் பொறுப்பும் இருவருக்கும் கூட்டுப்பொறுப்பு. தரைக்கு அடியிலுள்ள நீர்க்காப்புப் படலம் வயதானால் தேயும், அதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. வீவகவிடம் ஒரு நல்லெண்ண உதவித் திட்டம் இருக்கிறது: செலவில் 50 விழுக்காட்டை வீவக ஏற்கும், மேல்வீடு 25, கீழ்வீடு 25. இதைத் தெரிந்துகொண்டு போய்ப் பேசினால் பேச்சே மாறிவிடும். மேலே மலாய்க்கார மக்சிக் இருந்தாலும் சரி, தமிழ் அக்கா இருந்தாலும் சரி, "வீவகவில் பாதி தருகிறார்களாம், மீதியில் பாதி நான், பாதி நீங்கள், வந்து பார்க்கச் சொல்லவா?" என்று கேட்டால் கதவைச் சாத்துபவர் குறைவு.

அந்தச் சாக்கில் குளியலறையையே மாற்றலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க: ஓடு உடைக்க வீவக அனுமதி வேண்டும், வீவகவிடம் பதிவுபெற்ற குத்தகையாளர்தான் செய்யவேண்டும். புது வீடு என்றால் முதல் மூன்று ஆண்டுகளுக்குக் குளியலறை ஓடுகளைத் தொடவே கூடாது. இடிக்கும், அறுக்கும் சத்தமெல்லாம் வாரநாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரை மட்டும். "சனிக்கிழமைதான் லீவு, அன்னைக்கு முடிச்சிடுவோம்" என்பது நடக்காது.

வாசலில்

மாவிலைத் தோரணமும் கோலமும் யாருக்கும் தொந்தரவில்லை. காலணி அலமாரி, சைக்கிள், பழைய சோபா ஆகியவைதான் சிக்கல். நடைபாதையில் தப்பிச்செல்ல 1.2 மீட்டர் வழி இருக்க வேண்டும் என்கிறது குடிமைத் தற்காப்புப் படை. சோபாவை வாசலில் போட்டுவிட்டு "யாராவது எடுத்துப்பாங்க" என்று காத்திருக்காமல், பெரிய பொருள்களை அகற்றும் சேவைக்கு நகர மன்றத்திடம் முன்பதிவு செய்யுங்கள். இலவசமா, எத்தனை பொருள் என்பது மன்றத்துக்கு மன்றம் மாறும். பூ மிதக்கும் உருளி வைத்திருப்பவர்கள் அந்தத் தண்ணீரை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றுங்கள். ஏடிஸ் கொசு தேடுவது அப்படிப்பட்ட தெளிந்த நீரைத்தான்.

முகவரியும் பற்றுச்சீட்டும்

வீடு மாறினால் 28 நாளுக்குள் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்திடம் முகவரியை மாற்றியாக வேண்டும். முன்போல் போலிஸ் நிலையத்தில் செய்ய முடியாது, இணையம்வழிதான். "அம்மா வீட்டு முகவரியே இருக்கட்டும்" என்று விட்டுவிடுபவர்கள் நிறைய. எந்த நாடாளுமன்ற உறுப்பினர், எந்த வாக்குச்சாவடி, எந்தக் குடும்பத்தில் சேர்த்தி என எல்லாமே அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. பள்ளிக்கு அருகில் என்று காட்டித் தொடக்கநிலை ஒன்றுக்கு இடம் வாங்கினால், பிள்ளை அந்த முகவரியில் குறைந்தது 30 மாதம் வசிக்க வேண்டும் என்ற விதியும் உண்டு.

சிடிசி (சமூக மேம்பாட்டு மன்ற) பற்றுச்சீட்டு குடும்பத்துக்கு ஒன்று. 2025 மே மாதம் 500 வெள்ளி, 2026 ஜனவரியில் 300 வெள்ளி என்று வந்தவை அவை. குடும்பத்தில் யாராவது ஒருவர் சிங்பாஸ் என்ற மின்னிலக்க அடையாளம் மூலம் பெற்றால் போதும். சிங்கப்பூரின் 60ஆம் ஆண்டு நிறைவுக்காக 2025இல் தந்த எஸ்ஜி60 பற்றுச்சீட்டு ஆளுக்கு ஒன்று, 21 வயதிலிருந்து 59 வரை 600 வெள்ளி, 60உம் அதற்கு மேலும் 800 வெள்ளி. இரண்டையும் குழப்பிக்கொண்டு, மகன் தன் எஸ்ஜி60ஐ எடுத்ததும் "வீட்டுக்கு வந்தாச்சு" என்று தாத்தாவின் 800 வெள்ளியை அப்படியே விட்டுவிடும் வீடுகள் உண்டு. சிடிசியில் பாதி உணவங்காடிக்கும் வட்டாரக் கடைக்கும், மறுபாதி பேரங்காடிக்கு. முழுவதையும் பேரங்காடியில் செலவழிக்க முடியாது.

அந்தப் பற்றுச்சீட்டின் இணைய இணைப்பு ரொக்கம் மாதிரி. யாரிடம் இணைப்பு இருக்கிறதோ அவர் செலவழிக்கலாம். ஆகவே சொந்தபந்தம் நூறு பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் தவறிப் போட்டுவிட்டால் போனதுதான். எதிர்த் திசையில், அந்தக் குழுவிலிருந்து வரும் "உடனே பதிவு செய்யுங்கள்" இணைப்பைத் தொடவே வேண்டாம். அரசாங்கக் குறுஞ்செய்திகள் 2024 ஜூலையிலிருந்து காவ்.எஸ்ஜி (gov.sg) என்ற ஒரே பெயரில் வருகின்றன. அதிகாரி என்று சொல்லி யாராவது தொலைபேசியில் பணம் மாற்றச் சொன்னாலோ வங்கிக் கடவுச்சொல் கேட்டாலோ அழைப்பைத் துண்டித்து மோசடித் தடுப்பு உதவி எண்ணான 1799ஐ அழையுங்கள்.

மக்கள் சந்திப்பு

எதுவும் நடக்காதபோது நாடாளுமன்ற உறுப்பினரிடம் போகலாம். பெரும்பாலும் வாரத்தில் ஒருநாள் மாலை. போகிறவர்கள் வெறுங்கையோடு போவதுதான் குறை. தொண்டூழியர் உங்களிடம் கேட்டுத்தான் கடிதம் எழுதுவார். புகார் எண், வந்த பதில், படங்கள், அடையாள அட்டை இல்லாமல் போனால் கடிதம் "இந்த வட்டாரவாசிக்கு உதவவும்" என்ற அளவில்தான் இருக்கும். உங்கள் தொகுதி உறுப்பினரைத்தான் பார்க்க வேண்டும், நண்பருக்குத் தெரிந்தவரை அல்ல. நீதிமன்றத் தீர்ப்பை அவரால் மாற்ற முடியாது. வீவகவோ ஆணையமோ ஏற்கெனவே மறுத்திருந்தால் அந்த மறுப்புக் கடிதத்தை மறைக்காமல் முதலிலேயே நீட்டுங்கள். என்ன காரணத்துக்காக மறுத்தார்கள் என்று தெரிந்தால்தான் தொண்டூழியர் அந்தக் காரணத்துக்குப் பதில் எழுத முடியும்.